20 மில்லிகிராம்: ஒரு மலையை எவ்வளவு சுத்தம் செய்தால் போதும்?

கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலத்தில் ஏறுகிற யாரும் வைகையை ஒரு பார்வை பார்க்காமல் போவதில்லை. தண்ணீர் வந்தால் செய்தி, வராவிட்டால் வழக்கம். இந்த ஆறு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வருசநாடு, மேகமலை, முல்லைப் பெரியாறு என்று அடுக்குவோம். வடக்குப் பக்கம் இருக்கிற பழனிமலைத் தொடர் அவ்வளவு சீக்கிரம் ஞாபகத்துக்கு வராது. ஆனால் அந்த மலையின் தென்சரிவு முழுக்க வைகைக்குத்தான் வடிகிறது. வராக நதி, மஞ்சளாறு, மருதாநதி எல்லாமே அந்தச் சரிவின் பிள்ளைகள்.

அதில் ஒரு சின்ன ஓடையைத்தான் இந்தப் பதிவில் பின்தொடரப் போகிறோம். கொடைக்கானல் ஊரை ஒட்டி பாம்பார் சோலை என்று ஒரு காடு இருக்கிறது. அங்கிருந்து இறங்கும் பாம்பாறு, நாம் குளிக்கப் போகும் கும்பக்கரை அருவியாக விழுகிறது. அங்கிருந்து பெரியகுளம் பக்கம் வராக நதி, பிறகு வைகை. அந்தச் சோலையின் தலைமாட்டில், ஒரு மேட்டின் மேல், 1984 முதல் 2001 வரை ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை ஓடியது. உள்ளே முழுக்கப் பாதரச வேலை.

கொடைக்கானல் பாதரசப் பிரச்சினை என்றதும் "அதுதான் முடிஞ்சு போச்சே" என்பார்கள். தொழிலாளர்களுக்கு இழப்பீடு கொடுத்தாயிற்று, ஆலையை மூடியாயிற்று, பாட்டெல்லாம் வந்தாயிற்று. உண்மைதான். ஆனால் மலை? ஒரு மலை அழுக்கானால் அதைச் சுத்தம் செய்து மறுபடி காடாக்குவது என்றால் நடைமுறையில் என்ன அர்த்தம்? இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் இருக்கிற மிக நல்ல பாடம் கொடைக்கானல்தான். அந்தப் பாடத்தின் மையத்தில் ஒரு எண் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடை

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் என்ற ஊரில் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதை மூடி, இயந்திரங்களைக் கொடைக்கானலுக்குக் கொண்டு வந்தார்கள். பாதரசம் அங்கிருந்து வரும், தெர்மாமீட்டராகி அங்கேயே திரும்பிப் போகும். 1987-இல் சீஸ்பரோ பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கியது. பிறகு இந்தியக் கிளைகள் இணைந்தபோது ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது.

தெர்மாமீட்டர் செய்யும்போது கண்ணாடி உடையத்தான் செய்யும். உடைந்த கண்ணாடியில் பாதரசம் ஒட்டியிருக்கும். 2001 மார்ச் மாதம், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில் இப்படிப்பட்ட கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர்க்காரர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். முன்னாள் தொழிலாளர்கள், பழனிமலைப் பாதுகாப்புக் குழு, கிரீன்பீஸ் எல்லோரும் சேர்ந்து செய்த வேலை அது. அரசு அதிகாரி கண்டுபிடித்ததும் அல்ல, நிறுவனத்தின் தணிக்கை கண்டுபிடித்ததும் அல்ல. அந்த மாதமே ஆலை நின்றது. தன் விதிமுறைகளை மீறித்தான் அந்தக் கண்ணாடி விற்கப்பட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது. ஆனால் தொழிலாளர்களின் உடல்நலக் கேடுகளுக்கும் பாதரசத்துக்கும் தொடர்பில்லை என்பதுதான் அதன் நிலைப்பாடாக இருந்தது.

அடுத்து நடந்ததுதான் இந்தியாவில் அபூர்வம். மக்கள் "குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்" என்று கேட்கவில்லை. "எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புங்கள்" என்றார்கள். 2003-இல் கண்ணாடிச் சில்லு, பாதரசம், பாதி செய்த தெர்மாமீட்டர்கள் எல்லாம் சேர்த்து சுமார் 290 டன் சரக்கு, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு பாதரச மறுசுழற்சி ஆலைக்குப் போனது. ஏழை நாட்டுக்கு வந்த விஷக் கழிவு பணக்கார நாட்டுக்கே திரும்பிப் போவது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

தொழிலாளர் வழக்கு 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பத்து வருஷம் இழுத்தது. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாட்டு இணையத்தில் லட்சக்கணக்கானோரைப் போய்ச் சேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடனும் குடும்பங்களுடனும் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை வெளியே சொல்லப்படவில்லை.

மனிதர்களின் கணக்கு இப்படி ஒரு கட்டத்துக்கு வந்தது. மண்ணின் கணக்கு தனியாக நின்றது.

பாதரசம் குப்பை மாதிரி இல்லை

மலையில் கிடக்கும் பிளாஸ்டிக் பாட்டில் நம் கண்ணுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐம்பது பேர் சாக்கோடு போனால் மதியத்துக்குள் ஒரு சரிவைப் பொறுக்கி எடுத்துவிடலாம். எடுத்தது எடுத்ததுதான்.

பாதரசம் அப்படியல்ல. அது தண்ணீரைவிட 13 மடங்குக்கும் மேல் கனமானது. சிந்தினால் உருண்டு மண்ணின் இடுக்குகளுக்குள் இறங்கிவிடும். கொதிநிலை 357 டிகிரி செல்சியஸ் என்றாலும் சாதாரண அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். ஆவியானது காற்றோடு போகும், மழையில் திரும்ப இறங்கும், இலைகளில் படியும். ஆலையிலிருந்து தொலைவில் இருக்கும் மரங்களின் பாசியிலும் மரப்பாசியிலும்கூடப் பாதரசம் சேர்ந்திருப்பதை, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கீழ் இயங்கும் ஐதராபாத் ஆய்வகம் ஒன்று 2003-இல் எழுதியது. 2006-இல் அதே ஆய்வகம் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், வண்டல், மீன் ஆகியவற்றைச் சோதித்து, அங்கேயும் பாதரசம் இருப்பதை வெளியிட்டது.

இதைவிட முக்கியமான விஷயம் அது வேஷம் மாறுவது. ஏரி, குளம், சதுப்பின் அடிவண்டலில் காற்றில்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வடிவம் உயிரினத்தின் உடம்பில் தங்கிவிடும். சின்னப் பூச்சியைத் தின்னும் சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன், அதைத் தின்னும் மனிதன் என்று ஒவ்வொரு படியிலும் செறிவு ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் அதிகாரபூர்வமாகப் பதிவான நோய் இப்படி வந்ததுதான். அங்கே விஷம் மனிதர்களைச் சேர்ந்த வழி மீன். அந்த ஊரின் பெயரிலேயே 2013-இல் பன்னாட்டு ஒப்பந்தம் உருவாகி, 2017-இல் நடைமுறைக்கு வந்து, 2018-இல் இந்தியாவும் ஏற்றுக்கொண்டது. நம் மருந்துக் கடைகளில் பாதரச தெர்மாமீட்டர் மறைந்து டிஜிட்டல் வந்ததற்குப் பின்னால் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆக, மலை உச்சியில் பாதரசம் சிந்தினால் மூன்று வழிகளில் அது நகரும்: காற்றில் ஆவியாக, தண்ணீரில் கரைந்து, மண் துகளில் ஒட்டிக்கொண்டு வண்டலாக. மூன்றாவது வழிதான் மலைக்கு மிக முக்கியம். மண் அரிக்கிற ஒவ்வொரு மழையும் கொஞ்சம் பாதரசத்தைக் கீழே அனுப்பும். மதுரையில் குழாயைத் திறந்தால் பாதரசம் கொட்டும் என்று யாரும் பயப்படத் தேவையில்லை. நான் சொல்ல வருவது வேறு. சரிவின் கீழே இருப்பவர்களுக்கு மேலே நடக்கும் சுத்தத்தில் ஒரு பாத்தியதை இருக்கிறது.

எண்ணின் கதை

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மக்கள், நிறுவனம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லோருக்கும் சம்மதம். எந்த அளவுக்கு என்பதில்தான் சண்டை.

ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் மிச்சம் இருந்தால் அதைச் "சுத்தமான மண்" என்று அறிவிக்கலாம்? முதலில் பேசப்பட்ட இலக்கு 10. பிறகு அது 20 ஆனது. நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக நீரி, இந்த அளவைப் பரிந்துரைத்தது. உள்ளூர் மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகும் 20-தான் நிலைத்தது.

20 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய காய்ச்சல் தெர்மாமீட்டர் ஒன்றில் அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு டன் மண்ணில், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், 20 கிராம் பாதரசம். அதாவது ஒரு டன் மண்ணில் 20 தெர்மாமீட்டர்களை உடைத்து ஊற்றிக் கலக்கிய அளவு. இலக்கு 10 என்றால் 10 தெர்மாமீட்டர். கனடாவில் குடியிருப்பு நிலத்துக்கான வழிகாட்டு அளவு 6.6. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்தில் தனிம வடிவப் பாதரசத்துக்கான வழிகாட்டு அளவு 1, அதாவது ஒரே ஒரு தெர்மாமீட்டர். யூனிலீவரின் தலைமையகம் லண்டனில் இருப்பதால், "உங்கள் ஊரில் 1, எங்கள் ஊரில் 20-ஆ?" என்று கொடைக்கானல்காரர்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எதிர்த்தரப்பு வாதத்தையும் முழுசாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அது வெறும் சாக்கு இல்லை. இதுபோன்ற அளவுகளை நிர்ணயிக்கும் முறை இப்படி: இந்த நிலத்தில் யார் நடமாடுவார்கள், எத்தனை வருஷம், எவ்வளவு தூசியை முழுங்குவார்கள், எவ்வளவு ஆவியைச் சுவாசிப்பார்கள் என்று அனுமானித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஓர் அளவுக்கு வருவார்கள். பாதரசம் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தும் அளவு மாறும். பிரிட்டனிலேயே, எளிதில் ஆவியாகாத கனிம வடிவத்துக்கு இருக்கும் வழிகாட்டு அளவு மிக அதிகம். அதனால் "அங்கே 1, இங்கே 20" என்ற ஒப்பீடு மேடையில் எடுபடும் அளவுக்கு ஆய்வகத்தில் எளிதாக நிற்காது.

இன்னொரு வாதமும் உண்டு. அளவு குறையக் குறைய அதிக மண்ணைத் தோண்ட வேண்டும். அதிக மண்ணைத் தோண்டினால் அதிக மரங்கள் போகும். செங்குத்துச் சரிவில் மரம் போனால் அடுத்த வடகிழக்குப் பருவமழையில் மண் சோலைக்குள் போகும், அந்த மண்ணோடு பாதரசமும் போகும். சுத்தம் செய்யப் போய் அழுக்கைப் பரப்பிய கதையாகிவிடும். ரொம்பவும் சுத்தம் செய்தால் காட்டுக்கு ஆபத்து என்பதுதான் இதன் சாரம்.

இது கேட்க விசித்திரமாக இருந்தாலும் பௌதிகமாக உண்மை. மண்ணைச் சுத்தம் செய்யும் முறையைப் பார்த்தால் ஏன் என்று புரியும். முதலில் மண்ணைத் தோண்டி எடுத்துச் சலித்துக் கழுவுவார்கள். பாதரசம் பெரிய கல்லிலும் மணலிலும் அதிகம் ஒட்டாது, மிக நுண்ணிய களிமண் துகள்களில்தான் சேரும். கழுவும்போது நுண்துகள் தனியாகப் பிரியும். பிறகு அந்த நுண்துகளைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகும், ஆவியைக் குளிரவைத்துத் திரும்பப் பிடிப்பார்கள். வறுத்தெடுத்த மண் மறுபடி சரிவுக்குப் போகும். ஆனால் அது வேரும் மக்கும் பூஞ்சையும் மண்புழுவும் இல்லாத மண். காட்டு மண் என்று சொல்ல அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

அப்படியானால் யார் பக்கம் நியாயம்? என் பார்வையில், அனுமானத்தில் என்னென்ன சேர்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகின சமாச்சாரம். நிரலுக்குள் யாரோ ஒரு வரம்பு எண்ணை எழுதி வைத்திருப்பார். எல்லோரும் அந்த எண்ணைப் பற்றியே சண்டை போடுவோம். உண்மையில் கேட்க வேண்டியது, அந்த எண்ணை எழுதும்போது பயனர் யார் என்று நினைத்தார் என்பது. இங்கே "பயனர்" வளாகத்துக்குள் நடக்கும் ஒரு மனிதர் மட்டும்தான் என்றால் 20 போதுமானதாகத் தெரியலாம். சரிவின் கீழே ஒரு சோலை, அதற்குக் கீழே ஒரு நீரோடை, அதில் மீன், அதற்கும் கீழே மனிதர்கள் என்று சேர்த்தால் கணக்கு மாறும். ஊர்க்காரர்கள் பல வருஷமாகச் சொன்னது இதைத்தான்: இது ஒரு தொழிற்பேட்டை மனை இல்லை, ஒரு நீர்ப்பிடிப்பின் தலை.

மரம் போய்விடும் என்ற பயத்துக்கும் எல்லாவற்றையும் தோண்டாமல் விடுவது ஒன்றே பதில் அல்ல. சிறு சிறு பகுதியாகத் தோண்டலாம். மழை இல்லாத மாதங்களில் மட்டும் தோண்டலாம். சரிவுக்குக் கீழே வண்டல் தடுப்புகள் கட்டி, அதில் சேரும் வண்டலை அளந்து பொதுவில் வெளியிடலாம். இதற்கெல்லாம் காலம் ஆகும், செலவு ஆகும். எண் 20-ஆ 1-ஆ என்ற விவாதத்துக்கு அடியில், அந்தச் செலவு யாருடையது என்ற கேள்வியும் ஓடிக்கொண்டே இருந்தது.

மரம் நட்டால் சரியாகிவிடாதா?

மலை மாசு என்று பேச்சு எடுத்தாலே அடுத்த வரியில் யாராவது "பேசாம ஒரு லட்சம் மரக்கன்னு நட்டுரலாமே" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் பாதரச விஷயத்தில் மரம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மரம் பாதரசத்தை அழிப்பதில்லை. பாதரசம் ஒரு தனிமம், அதை எதுவும் அழிக்காது, இடம் மாற்றலாம், அவ்வளவுதான். காற்றில் இருக்கும் பாதரசத்தை இலைகள் உறிஞ்சும். இலை உதிர்ந்தால் அது காட்டின் தரைக்கு வரும், மக்கோடு சேர்ந்து மண்ணில் தங்கும். ஒருவகையில் காடு ஒரு பாதரசப் பெட்டகம். தீ வைத்தாலோ மண் அரித்தாலோ பெட்டகம் திறந்துகொள்ளும். பெட்டகத்தை மூடி வைத்திருப்பது வேர்களும் மக்குப் போர்வையும்தான். அதனால் மரம் சுத்தம் செய்யும் வேலைக்கு மாற்று அல்ல, ஆனால் மிச்சமிருப்பது கீழே போகாமல் பிடித்து வைக்கும் காவல். சுத்தம் முடிந்த பிறகும் மிச்சம் இருக்கத்தான் செய்யும் என்பதால் காடு வேண்டும்.

எந்தக் காடு என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பழனிமலையின் இரண்டாவது கதை வருகிறது.

பச்சையாக இருப்பதெல்லாம் காடு அல்ல

பழனிமலையின் மேல்மட்டம் ஒரு காலத்தில் இரண்டு விதமான நிலங்களின் ஒட்டுவேலை. பள்ளங்களில் குட்டை மரங்கள் அடர்ந்த சோலை, மேடுகளில் புல்வெளி. குறிஞ்சி பூப்பது அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான், 12 வருஷத்துக்கு ஒரு முறை, கடைசியாக 2018. புல்லும் சோலையும் சேர்ந்து மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி மெதுவாக விடும். கோடையிலும் ஓடையில் நீர் இருப்பதன் ரகசியம் அது.

வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்தே "சும்மா கிடக்கும்" புல்வெளியில் மரம் நடும் ஆசை ஆரம்பித்தது. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் காகிதக் கூழுக்கும் என்று சீகை மரம், தைல மரம், பைன் எல்லாம் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அரசே பெரிய அளவில் நட்டது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. மரம் நட்டதாலும் விவசாயத்தாலும் ஒரு இயற்கை அழிந்த கதை இது. அரசின் கணக்கேட்டில் பச்சை கூடியிருக்கும், ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கும்.

1985-இல் தொடங்கிய பழனிமலைப் பாதுகாப்புக் குழு, நாற்றங்கால்கள் வைத்து, கிராமங்களில் மரம் வளர்ப்பைப் பரப்பி, மலையைக் கவனிக்கும் பழக்கத்தை ஊருக்குள் உண்டாக்கியது. 2001-இல் கண்ணாடிச் சில்லு விஷயம் வெளியே வந்தபோது அதைக் கையில் எடுக்க ஒரு குழு ஏற்கெனவே இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மரக்கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்தான் பாதரச விஷயத்தையும் கையில் எடுத்தார்கள்.

இன்னொரு பக்கம், வட்டக்கானலில் குடியேறிய டான்யா பால்கர், பாப் ஸ்டூவர்ட் என்ற பிரிட்டிஷ் தம்பதி, வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளை மூலம் சோலை மரங்களுக்கென்றே நாற்றங்கால் நடத்தினார்கள். அவர்கள் பாதுகாக்கப் பாடுபட்ட காடுகளில் பாம்பார் சோலையும் ஒன்று. சோலை மரம் நடுவது வேப்பங்கன்று நடுவது மாதிரி இல்லை. விதை கிடைப்பது கஷ்டம், முளைப்பது தாமதம், வளர்ச்சி மெதுவு. வெட்டவெளியில் வைத்தால் உறைபனி கருக்கிவிடும், நிழல் வேண்டும்.

அங்கே வேலை செய்தவர்கள் கவனித்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. பழைய சீகை, பைன் தோப்புகளுக்குள், அந்த அந்நிய மரங்களின் நிழலில், சோலைச் செடிகள் தாமாகவே முளைத்து வந்துகொண்டிருந்தன. பறவைகள் விதை போட்டிருக்கின்றன. இப்போது "அந்நிய மரம் எல்லாத்தையும் வெட்டு" என்று ஒரே நாளில் இயந்திரத்தை இறக்கினால் என்ன ஆகும்? அடியில் வரும் சோலைக் கன்றும் போகும், மண்ணும் போகும், வெளிச்சம் பட்ட இடத்தில் சீகை விதைகளே மறுபடி மொத்தமாக முளைக்கும். அதனால் அவர்கள் சொன்னது: சில இடத்தில் வெட்டு, சில இடத்தில் விடு, புல்வெளி மிச்சமிருக்கும் இடத்தில் மட்டும் உடனே களை. தமிழ்நாடு அரசு 2022-இல் கொண்டு வந்த அந்நியத் தாவரக் கொள்கையிலும், அகற்றுவதோடு சூழலை மீட்டெடுப்பதும் சேர்ந்தே பேசப்படுகிறது.

பாதரச மண்ணுக்கும் இந்தக் காட்டுக்கும் கேள்வி ஒன்றுதான் என்பது இங்கே தெரிகிறது. கெட்டதை எடுக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எவ்வளவு, எந்த வேகத்தில், எந்த இடத்தில், யார் பார்வையில் என்பதுதான் விஷயம். ஆனால் ஒரு வித்தியாசமும் இருக்கிறது. காட்டில் "கொஞ்சம் விட்டுவை" என்று சொன்னவர்கள் வருஷக்கணக்கில் அந்தச் சரிவில் நடந்து பார்த்துச் சொன்னார்கள். அதனால் அவர்களுக்குக் காசும் மிச்சமாகவில்லை. மண்ணில் "கொஞ்சம் விட்டுவை" என்று சொன்ன தரப்பில், சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டிய நிறுவனமும் இருந்தது. அறிவியல் வாதம் ஒரே மாதிரி இருந்தாலும் ஊர் நம்பாமல் போனதற்குக் காரணம் அது.

சரிவுக்குக் கீழே இருக்கும் நமக்கு

மதுரைக்காரர்களுக்கு மலை விஷயத்தில் ரோஷம் உண்டு. அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மேலூர்ப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. மலை கெடுவதற்கு முன்னால் நின்று தடுத்தால் மூன்று மாதத்துக்குள் முடிகிற காரியம், கெட்ட பிறகு என்றால் கால் நூற்றாண்டு தாண்டியும் முடியாது. கொடைக்கானலையும் அரிட்டாபட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிற கணக்கு இது.

கொடைக்கானலுக்கு நாம் போய்க் கொண்டுதான் இருக்கிறோம். 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. இவை கண்ணுக்குத் தெரியும் அழுக்குக்கான ஏற்பாடுகள், அவசியமானவை. கண்ணுக்குத் தெரியாத அழுக்குக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

எந்த மலையையாவது சுத்தம் செய்து காடாக்கப் போகிறோம் என்று அரசோ நிறுவனமோ தன்னார்வக் குழுவோ சொன்னால், கைதட்டுவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கலாம். என்ன அழுக்கு, அது எந்த வழியாக நகரும்? எந்த அளவுக்கு எடுப்பீர்கள், அந்த அளவை முடிவு செய்யும்போது யாரையெல்லாம் கணக்கில் சேர்த்தீர்கள்? நடப் போவது அந்த மலையின் மரமா, அங்கே முன்பு இருந்தது மரமா புல்லா? பத்து வருஷம் கழித்து அளந்து பார்க்கப் போவது யார்?

நான்காவது கேள்விதான் நம் ஊரில் எப்போதும் விட்டுப்போகிறது. ஆலை வளாகத்து மண் 20-க்குக் கீழே வந்துவிட்டது என்று ஒருநாள் அறிவிப்பு வரலாம். வரட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு நீர்ப்பிடிப்பு சுத்தமாகிறதா என்பதற்கான சாட்சி ஓடையின் வண்டலிலும் ஏரியின் மீனிலும்தான் இருக்கிறது. கொடைக்கானல் ஏரியின் மீனையும், பாம்பாற்றின் வண்டலையும், கும்பக்கரைத் தடாகத்தின் அடிமண்ணையும் வருஷத்துக்கு ஒருமுறை மழை முடிந்ததும் எடுத்துச் சோதிக்க வேண்டும். வந்த எண்ணை, கும்பக்கரையில் டிக்கெட் கொடுக்கும் இடத்தில், கட்டண விவரத்துக்குப் பக்கத்தில், தமிழில் எழுதி வைக்க வேண்டும். மண்ணைத் தோண்டி வறுக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது காசே இல்லை. பெரியகுளத்துக்காரரும் மதுரைக்காரரும் சேர்ந்து கேட்டால் கிடைக்கக்கூடியதும்தான்.